சலவை இயந்திரமும் எமது கைப்பக்குவமும்

ஒரு பெண் தன் வாழ்நாளில் எத்தனை மணித்தியாலங்களைக் கிணற்றடியிலும் தோய்க்கிற கல்லடியிலும் கழிக்கிறாள் என்று நம்மில் எத்தனை பேர் கணக்குப் பார்த்திருக்கிறோம்? சமைத்து வைத்தால் "கறி நல்லாயிருக்கு" என்ற ஒரு சொல்லாவது கிடைக்கும். தோய்த்து மடித்து வைத்த உடுப்பைப் பார்த்து எவரும் எதுவும் சொல்வதில்லை. அது தானாகவே அலுமாரிக்குள் வந்து சேர்ந்தது போல எடுத்து உடுத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் எமது பெண்கள் தோய்த்த உடுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில், பொருளாதாரத் தடைக்காலத்தில், சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் நாம். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்று, கிடைத்த ஒரு வாளித் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, தோய்க்க என்று பங்கிட்டவர்களும் நாம்தான். இல்லாத சவர்க்காரத்திலும் இல்லாத தண்ணீரிலும் பிள்ளைகளின் உடுப்பை வெளுக்க வைத்த கை எமது கை.

இன்று எமது ஊர்களிலும் பல வீடுகளுக்குச் சலவை இயந்திரம் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் சகோதரன் அனுப்பிய காசிலோ, தவணை முறையிலோ, சீட்டுக் காசிலோ வாங்கப்படுகிறது. அவற்றில் முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவுள்ள இயந்திரங்கள் குறைந்த தண்ணீரிலும் குறைந்த மின்சாரத்திலும் தோய்ப்பவை. அவற்றைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றியும், உடுப்பை அதற்கு எப்படி ஆயத்தம் செய்வது என்பது பற்றியும் என் அனுபவத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த இயந்திரம்

2009இல் செல் துண்டு பட்டதிலிருந்து என்னுடைய வலது தோளை உயர்த்த முடிவதில்லை. ஒரு துவாயைப் பிழியவும் முடியாது. அம்மாவுக்கோ முழங்கால் வருத்தம். ஆகவே எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா கிழமைக்கு இரண்டு தரம் வந்து உடுப்புத் தோய்த்துத் தருவார். யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர். எங்கள் வீட்டில் கிடைக்கும் கூலி அவருக்கு ஒரு பிடிமானம்.

தம்பி பிரான்சிலிருந்து காசு அனுப்பி இயந்திரம் வாங்கினோம். அது வந்து இறங்கியபோது அக்கா கிணற்றடியில் நின்று பார்த்தார். எதுவும் பேசவில்லை. அடுத்த கிழமை வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இயந்திரம் வந்துவிட்டதே, இனி எதற்கு என்றுதான் நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

முதல்நாளே இயந்திரம் கூத்தாடத் தொடங்கியது. தண்ணீரைப் பிழியச் சுழன்றபோது சுவரடியிலிருந்து இரண்டடி நகர்ந்து வந்துவிட்டது. கொண்டுவந்து இறக்கியவர்கள் பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றாமல் போனதுதான் காரணம். ஏற்றி இறக்கும்போது உள்ளுருளை ஆடாமல் இருப்பதற்காகப் போடப்படும் நீண்ட ஆணிகள் அவை. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓடவிட்டால் இயந்திரம் பழுதாகும். கழற்றிய ஆணிகளை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். வீடு மாறும்போது திரும்பவும் பூட்ட வேண்டும்.

ஆணியைக் கழற்றிய பிறகும் நிம்மதி இல்லை. உடுப்பில் வெள்ளைத் திட்டுகள். துவாய் மரப்பட்டை போல விறைத்தது. இரண்டு மாதத்தில் இயந்திரத்துக்குள் ஒரு பூஞ்சண மணம். "கையால தோய்ச்ச உடுப்புப் போல வராது" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் அக்காவைத் தெருவில் கண்டு, தேநீர் குடிக்க அழைத்து வந்தேன். வந்தவர் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரீச்சர், இதுக்குள்ள உடுப்பு விழ இடமில்லையே. கல்லில அடிக்கிறதெண்டாலும் கையை உயர்த்த இடம் வேணுமெல்லோ?" என்றார்.

அறிவுறுத்தல் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தும் எனக்கு விளங்காதது அந்த ஒரு வசனத்தில் விளங்கியது.

குறைந்த தண்ணீரில் எப்படித் தோய்கிறது?

நடுவில் தண்டு நின்று கலக்கும் பழைய மேல்வாய் இயந்திரங்கள் ஒரு தடவைக்கு 150 லீற்றர் வரை தண்ணீர் எடுக்கும். உடுப்பு முழுவதும் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதே அவற்றின் முறை. முன்வாய் இயந்திரம் தோய்த்து அலசி முடிக்க ஏறக்குறைய 50 லீற்றர் எடுக்கும். 12 லீற்றர் வாளியால் அள்ளினால் நான்கு வாளியும் கொஞ்சமும். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும் ஊரில் இருப்பவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

இவ்வளவு குறைந்த தண்ணீரில் அழுக்கு எப்படிப் போகிறது? உருளை மெல்லச் சுழலும்போது உடுப்பை மேலே தூக்கிச் சென்று கீழே விழ விடுகிறது. அந்த விழுதலே அழுக்கை அகற்றுகிறது. கல்லில் அடித்துத் தோய்ப்பதும் இதுவும் ஒரே வேலைதான். ஆகவே உருளையை நெருக்கி அடைத்தால் உடுப்பு விழாது, வெறுமனே உருளும். உலர்ந்த உடுப்பைத் தளர்வாகப் போட்ட பின், மேலே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அதே நேரம் ஒரேயொரு போர்வையை மட்டும் போடுவதும் நல்லதல்ல. அது ஒருபக்கமாகத் திரண்டு நின்று, சுழலும்போது இயந்திரத்தை ஆட்டும்.

நுரை வந்தால்தான் அழுக்குப் போகுமா?

"நுரைக்க நுரைக்கத் தோய்" என்று பழகியவர்கள் நாம். அதற்கும் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்று நீரில் கல்சியமும் மக்னீசியமும் கூட. இத்தகைய கடினநீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் திரண்டுபோகும். நுரை வரும்வரை சவர்க்காரத்தைத் தேய்ப்பது எமக்குப் பழக்கமாகிவிட்டது. சலவைத்தூளைப் போடும்போதும் கை அதே பழக்கத்தில் அள்ளுகிறது.

ஆனால் முன்வாய் இயந்திரத்துக்கு நுரை எதிரி. மேலேயிருந்து விழும் உடுப்பை நுரை மெத்தை போலத் தாங்கிவிடுகிறது, அடி படுவதில்லை. அத்துடன் அலசுவதற்கு எடுக்கும் தண்ணீரும் குறைவு என்பதால் அதிக தூள் உடுப்பிலேயே தங்கிவிடுகிறது. எங்கள் துவாய் விறைத்ததும், உடுப்பில் வெள்ளைத் திட்டு விழுந்ததும் இதனால்தான். மிஞ்சிய தூளும் அழுக்கும் கதவோரத்து இறப்பர் மடிப்பில் படிந்தே அந்த மணமும் வந்தது.

ஆகவே முன்வாய் இயந்திரத்துக்கென்று குறிப்பிட்டு விற்கப்படும், நுரை குறைந்த தூளையோ திரவத்தையோ வாங்குங்கள். பொதியிலுள்ள அளவுக்கு மேல் போகவேண்டாம். அள்ளிக் கொட்டாமல் கரண்டியால் அளந்து போடுங்கள். உங்கள் அளவு சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தோய்த்து உலர்ந்த துவாய்கள் சிலவற்றைத் தூள் எதுவும் போடாமல் ஒரு தடவை ஓடவிடுங்கள். கண்ணாடிக்குள் நுரை தெரிந்தால், அது நீங்கள் இதுவரை மிகையாகப் போட்ட தூள்.

உள்ளே போடுமுன்

இயந்திரத்தின் வேலை கதவைப் பூட்டிய பிறகு தொடங்குகிறது. பெண்ணின் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அக்கா எங்கள் வீட்டு உடுப்பைப் பிரித்த முறையைப் பார்த்துத்தான் நான் பழகினேன்.

முதலில் பைகளைப் பார்க்க வேண்டும். சில்லறைக் காசு, ஊசி, பேனை, பஸ் ரிக்கற் எல்லாம் பிள்ளைகளின் பைகளில் இருக்கும். ஓர் ஊசி இறப்பர் மடிப்பைக் கிழிக்கப் போதுமானது; பேனை ஒன்று வெள்ளைச் சீருடைகள் அத்தனையையும் பாழாக்கும். சிப்புகளையும் கொழுக்கிகளையும் பூட்டுங்கள். பாவாடை நாடாக்களை முடிந்துவிடுங்கள். உள்ளாடைகளை ஒரு வலைப்பையிலோ, வாய் கட்டிய பழைய தலையணை உறையிலோ போடலாம்.

அடுத்தது பிரித்தல். வெள்ளை, வெளிர் நிறம், கடும் நிறம் என்பது எல்லோருக்கும் தெரியும். பாரத்தைப் பார்த்தும் பிரிக்க வேண்டும். ஜீன்ஸ் காற்சட்டையுடன் மெல்லிய சட்டையைப் போட்டால் சட்டைதான் தேயும். நூல் உதிரும் துவாய்களைத் தனியாகப் போடுங்கள். புதிய சாறத்தையும் சாயம் போகும் சேலையையும் முதலில் வாளியில் தனியே நனைத்துப் பாருங்கள்.

மூன்றாவது கறை. குறைந்த தண்ணீரில் தோய்க்கும் இயந்திரத்திடம் கறையை அப்படியே ஒப்படைக்கக் கூடாது.

சேற்றுக் கறையை ஈரத்துடன் தேய்க்கவேண்டாம். காயவிட்டு உதறி, தூரிகையால் தட்டி, வாளியில் ஒருமுறை அலசிய பின் போடுங்கள். செம்மண் இயந்திரத்துக்குள் போனால் வடிகட்டியை அடைக்கும்.

இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே. சுடுநீர் பட்டால் கறை துணியிலேயே பதிந்துவிடும்.

கறிக் கறையில் சவர்க்காரம் போட்டதும் சிவந்து பயமுறுத்தும். அது மஞ்சளின் குணம். பயப்படாமல் தோய்த்து வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறத்தை வெயில் மெல்ல மெல்லக் குறைத்துவிடும்.

கழுத்துப் பட்டி, கைமடிப்பு அழுக்குக்கு அந்த இடத்தை மட்டும் நனைத்து, சவர்க்காரத்தைச் சிறிது பூசிக் கால் மணித்தியாலம் விடுங்கள். வாழைக்கயர் பட்டுக் காய்ந்துவிட்டாலோ இயந்திரத்தை நம்பிப் பயனில்லை. தோட்டத்துக்குப் போக ஓர் உடுப்பைத் தனியாக வைத்துக்கொள்வதே புத்தி.

வெளிற்றும் திரவம் பாவிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதை வினாகிரியுடனோ, தேசிக்காய்ப் புளியுடனோ, மலசலகூடம் கழுவும் அமிலத்துடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

தனிக் கவனம் வேண்டியவை

எமது வீடுகளில் சாதாரண அறிவுறுத்தல் புத்தகங்களில் இல்லாத உடுப்புகளும் உண்டு.

செயற்கைக் காலுக்குள் அணியும் உறைகளை நாளாந்தம் தோய்க்க வேண்டும். அவற்றில் தூள் மிஞ்சினால் வியர்வையுடன் சேர்ந்து தோலை அரித்துப் புண்ணாக்கும். மென்மையான சவர்க்காரத்தில் கையால் தோய்த்து, நன்றாக அலசி, முறுக்கிப் பிழியாமல் உலர்த்துவது நல்லது. ஈரம் முற்றாகப் போகாமல் அணிய வேண்டாம். கால் தந்த நிலையத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி நடவுங்கள்.

மாதவிடாய்த் துணி பாவிப்பவர்கள் முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, அலசிய பின்பு இயந்திரத்தில் போடலாம். அதை மற்ற உடுப்புக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் வழக்கத்தை விடுவோம். வெயிலும் காற்றும் படாமல் அரைகுறையாகக் காய்ந்த துணிதான் நோயைத் தரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெங்காயத் தோட்டத்திலும் வயலிலும் கூலிக்குப் போகும் சகோதரிகள் மருந்தடித்த உடுப்பை வீட்டு உடுப்புடன், குறிப்பாகக் குழந்தையின் துணியுடன், சேர்க்க வேண்டாம். அதைத் தனியாக வைத்து, அன்றைக்கே முதலில் அலசி, பின்பு தனியாகத் தோய்க்க வேண்டும். இயந்திரத்தில் தோய்த்தால் அதன் பிறகு ஒருமுறை வெறுமனே ஓடவிடுங்கள்.

மின்சாரமும் பாதுகாப்பும்

2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் உயர்ந்தபோது பல வீடுகளில் இயந்திரத்தின் மேல் துணி விரித்துச் சாமான் வைக்கும் மேசையாக்கிவிட்டார்கள். உண்மையில் உருளையைச் சுழற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் சிறிது. பெரும் பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. 20 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய முக்கால் யூனிட் வேண்டும். பருத்தி உடுப்புக்கான தெரிவை அழுத்தினால் சில இயந்திரங்கள் தாமாகவே 40 அல்லது 60 பாகையை எடுத்துக்கொள்ளும். வெப்பநிலைப் பொத்தானை அழுத்திக் குளிர்நீருக்கு மாற்றுங்கள். எமது காலநிலையில் நாளாந்த உடுப்புக்கு அது போதும். நோயாளியின் படுக்கை விரிப்புக்கும், மாதம் ஒருமுறை இயந்திரத்தையே கழுவவும் சுடுநீரை வைத்துக்கொள்ளலாம்.

கனடாவிலிருக்கும் உறவினர் தாம் பாவித்த இயந்திரத்தைப் பெட்டியில் அனுப்புவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்.

தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரத்தை 5 அம்பியர் செருகியில் பொருத்தக் கூடாது. நிலக்கம்பி இணைப்பு உள்ளதா என்று மின்னிணைப்பாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக்கையுடன் செருகியைத் தொட வேண்டாம். தண்ணீர்த் தாங்கியின் உயரமும் முக்கியம். ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் 0.1 பார் அளவு அழுத்தமே கிடைக்கும். இயந்திரம் எவ்வளவு கேட்கிறது என்பதை வாங்கும்போதே விசாரியுங்கள். கிணற்று நீரில் மணல் வந்தால் குழாய் இயந்திரத்துடன் சேரும் இடத்திலுள்ள சிறு வலையை அடிக்கடி கழுவ வேண்டும்.

தோய்த்து முடிந்ததும் உடுப்பை உள்ளே கிடக்க விடாமல் எடுத்து உதறிக் காயப்போடுங்கள். இறப்பர் மடிப்பைத் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மிகக் கவனம் வேண்டும். குழந்தை உள்ளே ஏறி விளையாடக் கூடும். செருகியைக் கழற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் உருளைக்குள் பார்த்த பிறகே உடுப்பைப் போடுங்கள். கீழேயுள்ள வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். எங்களுடையதை முதன்முதல் திறந்தபோது உள்ளே ஏழு நாணயங்களும் ஒரு தலைக்கிளிப்பும் இருந்தன.

கூலியும் மதிப்பும்

அன்று தேநீர் குடித்து முடித்த அக்கா உடுப்பில் பாதியை வெளியே எடுத்தார். பிரித்தார், பைகளைப் பார்த்தார், கழுத்துப் பட்டிகளுக்குச் சவர்க்காரம் பூசினார். நான் தூளை இரண்டு கரண்டியாகக் குறைத்தேன். அன்று காய்ந்து வந்த துவாயை அம்மா முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் அது நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது அக்கா திரும்பவும் வருகிறார். எங்கள் உடுப்புடன் ஒழுங்கையிலுள்ள இன்னும் மூன்று வீட்டு உடுப்பையும் எங்கள் இயந்திரத்திலேயே தோய்க்கிறார். தண்ணீர், மின்சாரம், தூள் ஆகியவற்றின் செலவை ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஒரு கொப்பியில் எழுதுகிறோம். அந்தச் செலவு போக மிகுதி அவருக்கு. இயந்திரம் சுழலும் ஒன்றரை மணித்தியாலத்தில் அவர் விறாந்தையில் இருந்து தையல் வேலை பார்க்கிறார். முன்பு நான்கு வீட்டு உடுப்பைக் கையால் தோய்த்த நாட்களில் இரவில் நாரியை நிமிர்த்த முடியாமல் கிடந்ததாக இப்போதுதான் சொன்னார். அத்தனை காலமும் எங்களிடம் அவர் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை.

இயந்திரம் வாங்க வசதியில்லாத சகோதரிகள் பலர் இருப்பீர்கள். நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் விலை சொல்லுமுன் செலவை எழுதிக் கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் நேரத்துக்கும் அந்தக் கணக்கில் ஒரு வரி வைக்க மறக்காதீர்கள். ஊரார் உடுப்பைத் தோய்ப்பது இழிவு என்ற பழைய பேச்சுக்கும் செவி கொடுக்க வேண்டாம். அழுக்காக்கியவருக்கு இல்லாத இழிவு அதை அகற்றுபவருக்கு எங்கிருந்து வரும்?

அக்காவின் மூத்த மகன் இப்போது சனிக்கிழமைகளில் தாயுடன் வருகிறான். உடுப்பைப் பிரிக்கவும் பைகளைப் பார்க்கவும் பழகிவிட்டான். போன கிழமை தன் சீருடைக் கழுத்துப் பட்டிக்குத் தானே சவர்க்காரம் பூசிக்கொண்டு நின்றான். உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளையும் பழக்குங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னுள்ள வேலைதான் உண்மையான வேலை என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.